அந்த இடுக்கில் நான் சொன்ன பதில்

அன்பான என் குணம் மச்சான்,

நீ போனபின் நாலு மார்கழி வந்து போய்விட்டது. இவ்வளவு காலமும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நேரமில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். பேக்கரியில் எனக்கு இப்போதும் அதே காலை வேலைதான், இரண்டு மணிக்கு வீட்டில் நிற்பேன். எழுதப் பயந்தேன், அவ்வளவுதான்.

முதலில் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை ராஜி வந்து சேர்ந்துவிட்டாள். இங்கே ஒடென்சேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். சைக்கிள் ஓடப் பழகி மூன்று தரம் விழுந்தாள். மூன்றாம் தரம் விழுந்தபோது சைக்கிளுக்குக் காலால் ஒரு உதை கொடுத்தாள். உன் தங்கைதானே! எங்கள் மகள் துளசிக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிறாள், அப்பா என்பதற்கும் டேனிஷில் 'ஃபா' என்றுதான் கூப்பிடுகிறாள். ஊரில் இவள் நடக்கத் தொடங்கியபோது கை பிடித்தவன் நீ. அதைச் சொன்னால், 'அந்தப் படத்தில இருக்கிற மாமாவோ?' என்று அதை மட்டும் தமிழில் கேட்கிறாள்.

அடுத்த புதினம் பெரியது. எங்கள் ஆக்கள் பெண்சாதி பிள்ளைகளை இங்கே கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் இருந்தனவே, அவற்றை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்று விசாரணையில் வெளிவந்துவிட்டது. சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. மேலிடம் கோப்பைத் திறக்காதே என்றிருக்கிறது. நாங்கள் கேட்கும்போதெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்று கடிதம் வந்ததே, அதெல்லாம் இதுதான். பிரதமரே பதவி விலகிவிட்டார். இதற்கு டேனிஷ்காரர் 'தமிழர் வழக்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குற்றம் செய்தது அவர்கள், பெயர் மட்டும் எங்களுக்கு. நீ இருந்திருந்தால் இதற்கு ஒரு கிழமை சிரித்திருப்பாய்.

செய்தி வந்த அன்று மாலை ஓலே வீட்டுக்கு வந்தான். எங்கள் பேக்கரி ஃபோர்மன் ஓலேயை நீ மறந்திருக்கமாட்டாய். தலைமயிர் முழுக்கக் கொட்டிவிட்டது. வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "தேவன், என் நாட்டை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றான். ராஜிக்கும் தனியாக ஒருதரம் சொன்னான். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவன் போனபின் ராஜி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் என்னை மன்னிக்கோணும்" என்றாள். "ஊரில ஆக்கள் சொன்னதைக் கேட்டு நானும் உங்களைச் சந்தேகப்பட்டனான். சுவிஸில இருக்கிறவையெல்லாம் பெண்சாதியைக் கூப்பிட்டிட்டினம், உன்ரை மனுசன் பேப்பரே போட்டிருக்கமாட்டார், அங்கை ஆரோ வெள்ளைக்காரியோட இருக்கிறார் எண்டு சொன்னவை. அண்ணையின்ரை கடிதம் மட்டும் வந்திராட்டி..."

எழும்பிப் போய் அலுமாரிக்குள் இருந்து உன் கடிதத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். அப்படி ஒரு கடிதத்தை நீ எழுதினாய் என்று எனக்குத் தெரியும். அதில் என்ன இருந்தது என்று அன்றுதான் கண்டேன்.

'ராஜி, தேவனில ஒரு பிழையுமில்லை. தன்ரை பேப்பர் கிடைச்ச அதே மாதம் உனக்குப் போட்டிருக்கிறான். பிழை முழுக்க இந்த நாட்டில. ஆர் என்ன சொன்னாலும் கேளாதை. நான் பொறுப்பு.'

நீ எதற்குப் பொறுப்பெடுத்தாய் என்று உனக்கே தெரியாது மச்சான். தெரியவிடாமல் வைத்திருந்தவன் நான்.

இதை மற்றவர்களும் வாசிக்கக்கூடும், அதனால் நோர்வேக்குப் போன கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்.

டென்மார்க்கில் மேடு என்றால் ரயில் பாலம்தான். அதனாலோ என்னவோ இந்தச் சனங்களுக்கு மலைப் பைத்தியம். ஈஸ்டர் விடுமுறை வந்தால் ஓலே நோர்வேக்குப் போய்விடுவான். அந்த வருடம் கன்டீனில், "நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள், பனிமலை ஏறப் பழக்கிவிடுகிறேன்" என்றான். நான் வாயில் இருந்த பாணை விழுங்கமுன் நீ ஓம் என்றுவிட்டாய். பிறகு என்னிடம், "ஒரு கிழமை தபால்பெட்டியைப் பாக்காம இருப்பம், உனக்கும் நல்லம்" என்றாய். உண்மைதான். விடிந்தால் ராஜியின் அனுமதி வந்ததா என்று தபால்பெட்டி பார்ப்பதே என் வாழ்க்கையாக இருந்த காலம் அது.

கப்பலில் எங்கள் அகதிக் கடவுச்சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஓலேக்குக் கோபம் வந்து காது சிவந்தது. நீயோ அந்த அலுவலரிடம், இடிச்ச சம்பல் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு டப்பாவைத் திறந்தாய். மணம் பட்டதும் அவர் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

மலையடிவாரத்தில் ஓலே தந்த சப்பாத்து நினைவிருக்கிறதா? அடி மடங்காது, பலகையில் கால் வைத்த மாதிரி. அதன் கீழே இரும்புப் பற்களை வாரால் இறுக்கிக் கட்டவேண்டும். கிறாம்பொன் என்றான் ஓலே. கீழே பத்துப் பல்லு, முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டு. நடக்கும்போது கால்களை அகட்டி வைக்கவேண்டும்; இல்லாவிட்டால் ஒரு காலின் பல்லு மற்றக் காலின் காற்சட்டையைக் கிழிக்கும். உன்னுடையது முதல் ஐந்து நிமிடத்திலேயே கிழிந்தது. "புதுக் காற்சட்டையடா!" என்று அழாக்குறையாகச் சொன்னாய்.

இரண்டு கறுத்த பாறைகளுக்கு நடுவே, உச்சியிலிருந்து அடிவரை பனி நிறைந்த ஓர் இடுக்கு. அதன் வழியேதான் ஏறவேண்டும். தூரத்திலிருந்து பார்க்கச் சாய்வாகத்தான் தெரிந்தது. கிட்டப் போனால் பனி மூக்குக்கு முன்னால் நின்றது. ஓலே முதலில், நீ நடுவில், நான் கடைசி. மூன்று பேருக்கும் ஒரே கயிறு. முன்பல்லு இரண்டையும் பனியில் உதைத்து ஏற்று, குதிக்காலை இறக்கி வை, பனிக்கோடாலியைக் குத்து, பிறகு மற்றக் கால். அவ்வளவுதான் பாடம். பற்களுக்கு நடுவே பனி பிட்டு மாதிரி அடைந்துகொள்ளும், கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் கோடாலிப் பிடியால் தட்டி விழுத்தவேண்டும். 'தட்டாமல் ஒரு அடி வைத்தாலும் வழுக்கும்' என்று ஓலே மூன்று தரம் சொன்னான்.

பாதி ஏறியதும் ஓலே எங்களை ஒரு பாறை ஒதுக்கில் நிறுத்திவிட்டு, மேலே அடுத்ததாக நிற்கிற இடத்தைப் பனியில் வெட்டப் போனான். நீயும் நானும் ஆளுக்கு ஒரு கால் வைக்கிற இடத்தில் நின்றோம். கீழே பார்க்காதே என்றால் கண் கீழேதான் போகும்.

அந்த இடத்தில்தான் நீ கேட்டாய்.

"மச்சான், ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லு. நீ ராஜிக்கு பேப்பர் போட்டனியோ?"

"என்னடா இது கேள்வி? இந்த இடத்திலயோ கேக்கிறது?"

"இஞ்சதான் கேக்கோணும். இஞ்சை நீ எழும்பித் தேத்தண்ணி போடப் போக ஏலாது."

என் சுபாவம் உனக்கு நன்றாகத் தெரியும். ராஜியின் பேச்சை எடுத்தாலே நான் கேத்திலை வைக்கக் குசினிக்குள் போய்விடுவேன்.

நீ சட்டைப்பையைத் தட்டிக் காட்டினாய். "அவள் எனக்கு எழுதியிருக்கிறாள். ரெண்டு மாதமாக் கொண்டு திரியிறன். 'அண்ணை, அவர் உண்மையாப் போட்டவரோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ, இல்லையெண்டாலும் தாங்குவன்' எண்டு எழுதியிருக்கிறாள். நான் என்னத்தை எழுத?"

"போட்டனான். சத்தியமாப் போட்டனான்."

"எப்ப போட்டனி? இஷொயில இருக்கிற தங்கராசாவும் உன்னோடதானே பேப்பர் எடுத்தவன்? அவன்ரை மனுசி வந்து பிள்ளையும் பிறந்திட்டுது."

மேலேயிருந்து ஓலே டேனிஷில், எல்லாம் சரியா என்று கத்தினான். சரி, சரி என்று இருவரும் கத்தினோம்.

"எனக்கு பேப்பர் கிடைச்ச அதே மாதம் போட்டனான்" என்றேன்.

அது பொய் மச்சான். போட்டது உண்மை, ஆனால் ஐந்து மாதம் கழித்துப் போட்டேன்.

அந்த ஐந்து மாதமும் படிவம் என் சேட்டுகளுக்குக் கீழே கிடந்தது. நீ அப்போது வேறு ஊரில், புரொண்பியில் இருந்தாய், உனக்குத் தெரிய வழியில்லை. எனக்கு வதிவிட அனுமதி கிடைத்ததை அம்மாவுக்கு எழுதியிருந்தேன். அம்மா உடனே சாத்திரியிடம் போயிருக்கிறா. 'உனக்கு அட்டமத்துச் சனி நடக்குது மகனே. சனி மாறும்வரைக்கும் பெண்சாதி பிள்ளையின்ரை அலுவல் ஒண்டும் தொடங்காதை, தொடங்கினால் தடைப்படும்' என்று பதில் வந்தது. நான் சனி மாறக் காத்திருந்தேன். பஞ்சாங்கம் பார்த்து, நல்ல வியாழக்கிழமை ஒன்றில், முழுகிவிட்டுப் போய்ப் படிவத்தைக் கொடுத்தேன். அதற்குள் இங்கே கோப்புகளை மூடிவிட்டார்கள். தங்கராசாவின் கோப்பு மூடமுன் போனது, என்னுடையது மூடியபின். தடைப்படாமல் இருக்க என்று காத்திருந்தே தடையில் கொண்டுபோய்த் தலையைக் கொடுத்தவன் நான்.

இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? கலியாணப் பேச்சில் எங்கள் சாதகத்தை விரித்தபோதே, "சனி பகவானை விடுங்கோ, பெடியன் என்ன படிச்சவன் எண்டு சொல்லுங்கோ" என்று சபையில் கேட்டவன் நீ. சிரித்தே என்னைக் கொன்றிருப்பாய். பிறகு சிரிப்பு நின்றிருக்கும், அதற்குத்தான் கூடப் பயந்தேன்.

அம்மாவின் தலையில் முழுவதையும் போடவும் எனக்கு மனமில்லை. அந்தக் கடிதம் வந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதலும் வந்தது. நாலு ஆண்கள் ஒரு அறையில், தரையில் மெத்தை, சமையல் ஒரு சட்டியில். இதற்குள் ராஜியை எப்படிக் கூப்பிடுவது, முதலில் ஒரு கதிரை மேசையாவது வாங்குவோம் என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா சொல்லாவிட்டாலும் நான் தாமதித்திருப்பேனோ? இன்றைக்கும் தெரியவில்லை.

அன்று என் பதிலைக் கேட்டதும் உன் கண் கலங்கியது. குளிருக்கு என்று நினைத்தேன்.

"மன்னிச்சுக்கொள் மச்சான். உன்னைப்போய்ச் சந்தேகப்பட்டன். இண்டைக்கே அவளுக்கு எழுதுறன்" என்றாய். கோடாலி பிடித்த கையால் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாய்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். ஓலே மேலிருந்து கயிற்றை இழுத்துக் கூப்பிட்டான். நீ ஏறிப் போய்விட்டாய்.

அடுத்து நடந்ததை நீ பிறகு பேக்கரி முழுக்கச் சொல்லித் திரிந்தாய், ஆனால் காரணம் உனக்குத் தெரியாது. நான் ஏறத் தொடங்கினேன். இடுக்கு அங்கேதான் ஆகச் செங்குத்து. என் புத்தி முழுவதும் 'அதே மாதம், அதே மாதம்' என்று ஓடிக்கொண்டிருந்தது. சப்பாத்தைத் தட்டவில்லை. எத்தனை அடி தட்டாமல் வைத்தேனோ, வலது காலுக்குக் கீழே பனி கட்டிபட்டு ஒரு பல்லும் பிடிக்கவில்லை. கால் போனது, கோடாலி கையை விட்டுப் போனது, வயிற்றோடு வழுக்கிக்கொண்டு போனேன். கத்தக்கூட இல்லை. இடுப்பில் கயிறு வெட்டி இழுத்து நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். நீ உன் கோடாலியைக் கழுத்துவரை பனிக்குள் இறக்கி, அதில் கயிற்றைச் சுற்றி, அதன்மேல் நெஞ்சை அழுத்திப் படுத்திருந்தாய். ஓலே பழக்கிய மாதிரி அச்சொட்டாக.

"விடமாட்டன்டா! அவசரப்படாதை! முதல் கால், பிறகு கை!" என்று கத்தினாய். "நீ போனா ராஜிக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

மேலே வந்து சேர்ந்ததும் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதேன். உயிர்ப் பயத்தில் அழுகிறேன் என்று நீயும் ஓலேயும் நினைத்தீர்கள். நான் நினைக்க விட்டேன்.

அன்று பின்னேரம் குடிலில் நீ அந்தக் கடிதத்தை எழுதினாய். உள்ளங்கை இரண்டும் கயிறு உராய்ந்து சிவந்திருந்தன, பேனை பிடிக்க ஏலாமல் இரண்டு விரலால் எழுதினாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழும்பித் தேத்தண்ணி போடப் போனேன்.

பிறகு சொல்வோம், ராஜி வந்தபின் சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவதில் நான் கைதேர்ந்தவன்தானே. அந்த வருட மார்கழியில், விடியாத இருட்டில், வேலைக்குச் சைக்கிளில் போன உன்னை லொறி ஒன்று அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேரமுன் எல்லாம் முடிந்துவிட்டது. உனக்கு ஒரு சொல்லும் சொல்லக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம்தான் கோப்புகள் அசையத் தொடங்கி ராஜிக்கு அனுமதி வந்தது. விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் அவள் என் தோளுக்கு மேலால் பார்த்தாள். அவளுக்குச் செய்தி தெரியும், ஆனாலும் பார்த்தாள்.

மேலிடம் செய்த அநியாயம் அநியாயம்தான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எத்தனையோ பேர் நேரத்துக்குப் போட்டும் காத்திருந்தார்கள், ஓலே பட்ட வெட்கம் அவர்களைப் பொறுத்தவரை சரியான இடத்துக்கே போகிறது. ஆனால் என் கணக்கு வேறு. படிவத்தை நான் அன்றே கொடுத்திருந்தால், தங்கராசாவின் மனைவி வந்ததுபோல ராஜியும் வந்திருப்பாள். உன்னோடு அவளுக்கு ஒரு வருடமாவது கிடைத்திருக்கும். நீ அவளுக்குச் சைக்கிள் பழக்கியிருப்பாய். துளசிக்கு நீ ஒரு படமாக இருந்திருக்கமாட்டாய்.

இப்போது இங்கே எங்கள் சனம் என்னைக் கண்டால், 'பாவம் தேவன், அரசாங்கம் உன்னை இப்படிச் செய்துபோட்டுதே' என்கிறார்கள். கோயில் பூசை முடிந்து நிற்கும்போது ஒருவர் கையைப் பிடித்து அழுதார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன். இதைவிடச் செருப்பால் அடிக்கலாம். ராஜி என்னிடம் மன்னிப்புக் கேட்டு இன்றைக்குப் பன்னிரண்டு நாள். இந்தப் பன்னிரண்டு நாளும் அவள் எனக்கு முதலில் சோற்றைப் போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிட உட்காருகிறாள். வழக்கத்தில் அப்படிச் செய்கிறவள் இல்லை அவள், உனக்குத் தெரியும்.

அவள் என்ன சொல்வாள்? அந்த ஐந்து மாதத்தை மன்னித்தாலும், உன்னையும் பொய்யனாக்கி அவளுக்குக் கடிதம் எழுதவைத்தேனே, அதை மன்னிப்பாளா? நீயே மன்னிப்பாயா? நீ அன்று கயிற்றை விடவில்லை என்பதை வைத்து நான் பதிலை எடுத்துக்கொள்ள முடியாது. உனக்குத் தெரிந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் மேலே ஏறியபின் என்னோடு கதைத்திருப்பாயா என்பது வேறு விசயம்.

எங்கள் தமிழ்ச் சஞ்சிகைக்காரர், உன்னைப் பற்றி ஒரு நினைவுக் கட்டுரை தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். நல்ல நேரம் பார்த்துத் தருகிறேன் என்று வாய்க்கு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அதற்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

இன்று சனிக்கிழமை. ராஜி துளசியைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள், ஒரு மணி பஸ்ஸில் வந்துவிடுவார்கள். படிவத்தின் பிரதியை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். அதில் நான் கொடுத்த திகதியின் முத்திரை தெளிவாக இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். இந்தக் கடிதத்தை உன் தங்கை முதலில் வாசிப்பாள். நான் பக்கத்திலேயே இருப்பேன், குசினிக்குள் போகமாட்டேன். அவள் வேண்டாம் என்றால் இது எங்கள் வீட்டைவிட்டு வெளியே போகாது. அவள் போடச் சொன்னால் மட்டும்தான் சஞ்சிகைக்குக் கொடுப்பேன்.

ஆகவே, இதை வேறு யாராவது அச்சில் வாசித்துக்கொண்டிருந்தால், ராஜிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நீ அறிந்துகொள்.

உன் தங்கையின் கணவன், துளசியின் ஃபா,
உன் மச்சான்
தேவன்
ஒடென்சே